ஜூலை பன்னிரண்டு

எங்கள் வீட்டில் ஒரு பெண் பகலில் படுப்பதற்கு இரண்டே வழி. ஒன்று, செத்துப்போவது. இன்னொன்று, மாதாமாதம் அந்த மூன்று நாள். மயிலாப்பூரில் லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, கதவில் கேமரா எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த மூன்று நாள் நான் பால்கனிப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போய்விட வேண்டும். பாய், தலையணை, தனித் தட்டு, தனி டம்ளர். சமையலறைக்குள் கால் வைக்கக்கூடாது. வேலைக்கு மட்டும் போகலாம். சம்பளத்துக்குத் தீட்டு கிடையாது.

கல்யாணமாகி வந்த புதிதில் இதை நினைத்து அழுதிருக்கிறேன். பிறகு புத்தி வந்தது. மற்ற நாளெல்லாம் காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, ஈரத் தலையோடு அடுப்பு மூட்டி, ஏழே முக்காலுக்குக் கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். அங்கே ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நான் கணக்கு டீச்சர். சாயங்காலம் திரும்பினால் மறுபடி அடுப்பு. அந்த மூன்று நாள் மட்டும் என்னை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். தொடக்கூடாதவளாக இருப்பதில் அப்படியொரு சுகம் இருந்தது.

போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால் எனக்குத் தள்ளிப்போயிற்று. அசட்டுத்தனமாக ஆறாவது வாரமே சொல்லிவிட்டேன். மாமியார் சுப்புலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே அவருடைய ஸ்லோக கிளாஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒன்பது படிக் கொலு, ஒன்பது நாள் சுண்டல், வெற்றிலை பாக்குக்கு வரிசையாக மாமிகள். கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இது வியாதியில்லை, பிரணவ் வயிற்றிலிருக்கும்போது நான் கைபம்பில் முப்பது குடம் அடித்தேன் என்றார். ஒன்பதாவது வாரம் எல்லாம் போய்விட்டது. மூன்று மாதம் முடிவதற்குள் தம்பட்டம் அடித்தால் கண் படாமல் என்ன செய்யும் என்று என்னையே கேட்டார். தம்பட்டம் அடித்தவர் அவர். அடிபட்டது என் வயிறு.

அடுத்த முறை மூன்று மாதம் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சுவிடப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். என் கணவன் பிரணவிடமும்தான். அவன் நல்லவன். ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்வதும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்று. ஒழுகுவது நேரே அம்மாவிடம்தான்.

இந்த வருஷம் எனக்குக் கடைசியாக வந்தது ஜூன் பத்தாம் தேதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஜூலை இரண்டாம் தேதி பிரணவ் ஆபீஸ் வேலையாக ஆறு வாரம் ஜெர்மனிக்குப் போனான். ஜூலை பன்னிரண்டு காலை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் நின்றுகொண்டு சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு. அந்தக் குச்சியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய், எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். சந்தோஷத்தில் ஒரு கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

அன்று சாயங்காலம் மாமியார் சமையலறைக் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலண்டரில் பால் வராத நாளுக்குச் சுழி, காஸ் வந்த நாளுக்குக் கோடு, எனக்குப் புள்ளி.

"ஏண்டி ஹம்சா, நாலு நாள் தள்ளிப் போயிருக்கே. ஏதாவது உண்டா?"

வாய் தானாகப் பொய் சொன்னது. இல்லையம்மா, இப்போதுதான் வந்தது, நான் பின்னால் போய்விடுகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. பென்சிலை எடுத்துப் பன்னிரண்டின்மேல் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். வந்ததையும் தங்கவைத்துக்கொள்ளத் தெரியவில்லை, புதிதாகவும் ஒன்றுமில்லை என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். நான் பாயை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனேன்.

அந்த மூன்று நாளைப்போல் நான் என்றைக்கும் தூங்கியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவுடன் விழுவேன். எட்டு மணிக்கு வாசலில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டு எழுந்து சாப்பிட்டு மறுபடி விழுவேன். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, உனக்காகத்தான் அம்மா பொய் சொன்னேன் என்று அதனிடம் பெருமையடித்துக்கொண்டேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சுத்தமானவளாகச் சமையலறைக்குத் திரும்பினேன்.

குமட்டல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பெருங்காயம், வெந்தயம், பால் பொங்கும் வாசனை, டிகாக்ஷன், எதுவும் ஆகவில்லை. குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் வாந்தியெடுப்பேன். மெட்ரோ தண்ணீர் லாரி உன் மாமனார் வீட்டுச் சொத்தா என்று வெளியிலிருந்து மாமியார் கேட்பார். மாமனார் போய் நாலு வருஷமாகிறது. முந்தானை நுனியில் எலுமிச்சம்பழத்தோல் முடிந்து வைத்துக்கொண்டு தாளித்தேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண்ணின் மல்லிகைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அசதி அதைவிட மோசம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கீழே இறங்கும். வரி கோணலாகப் போகிறது மிஸ் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஊரில் டாக்டரே இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் குடும்ப டாக்டர் மாமியாரின் சித்தி பெண். வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். மூன்று மாதம் முடியட்டும் என்று மருந்துக்கடையில் ஃபோலிக் மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். என் தப்புதான். யார்மேலும் பழி போடவில்லை.

கண்டுபிடித்தவள் ஒருத்தி உண்டு. பள்ளிக்கூடத்து ஆயா மணிமொழி. கூவத்தோரத்து வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள். ஜூலை மூன்றாவது வாரம் ஒருநாள் நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாளியோடு நின்றிருந்தாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொண்டுவர ஆரம்பித்தாள். சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் கடித்துக்கொள்வேன். அந்த ஒரு மாதம் எனக்கு உடம்பில் ஒட்டியது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை கடுகு வெடித்தது, பெருங்காயம் பொரிந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைத்து ஆறு இட்லி சாப்பிட்டேன். மணிமொழியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவ்வளவு சீக்கிரமாகவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள். படிக்காதவள், இவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு தடவை பொய்யாக உட்கார வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்ட் ஒன்பது, பத்து என்று மாமியார் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தபோது, மூன்று மாதம்வரை இனி மறைக்க முடியாது, பதினாலாம் தேதி பிரணவ் வந்துவிடுவான், அவனிடமே முதலில் சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வந்தான். கதவைச் சாத்தியதும் சொன்னேன். ஒன்பது வாரம் முடிந்துவிட்டது என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அது நடிப்பில்லை. மூன்று நிமிஷம் என்னைக் கட்டிக்கொண்டிருந்தான். நாலாவது நிமிஷம் கூடத்துக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

மாமியார் நேரே போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஜூலைத் தாளைத் திருப்பினார்.

"நீ எப்படா ஊருக்குப் போனே?"

"ரெண்டாம் தேதிம்மா."

"இவ பன்னெண்டாம் தேதி பின்னாடி உக்காந்தா. நான்தான் மூணு நாளும் சாதம் போட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷத்துப் பயம், சோதித்தது, பொய், தூக்கம், குழாயைத் திறந்துவிட்டு எடுத்த வாந்தி, ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமியார் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"தீட்டு இருக்கறதை இல்லைன்னு சொன்னவாளை நான் பார்த்திருக்கேன்," என்றார். "கல்யாணம் கார்த்திகைன்னா மறைச்சுண்டு வந்து நிப்பா. இல்லாததை இருக்குன்னு ஒரு பொம்மனாட்டி சொல்லி நான் கேட்டதில்லை. தீட்டுலேயே பொய் சொல்றவ வேற எதுல சொல்லமாட்டா?"

கணக்கு டீச்சர் கோட்டைவிட்ட இடம் அதுதான். ஓய்வுக்காக ஒருத்தி தீட்டாவாள் என்று முப்பது குடம் அடித்தவருக்கு எப்படி விளங்கும்? நான் பிரணவைப் பார்த்தேன். மாமியார் முன்னால் 'நீங்க', கதவைச் சாத்தினால் 'நீ' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அன்று அதெல்லாம் மறந்துபோய், நீ சொல்லு பிரணவ் என்றேன். அவன் இடதுகைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தான், காயத்ரி ஜபிக்கிறவன்போல. வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். மாமியார் பேசியதை ஒருவேளை மறந்தாலும் மறப்பேன். அந்தக் கட்டைவிரலை மறக்கமாட்டேன்.

டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அடையாறில் ஒரு கிளினிக். சித்தி பெண்ணுக்குத் தெரிய வேண்டாமென்று மாமியாரே தேடிப் பிடித்தார். டாக்டர் ஜமீலுன்னிசா ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி மூன்று பேரும் போனோம். கடைசித் தேதி என்ன என்று டாக்டர் கேட்டார். ஜூன் பத்து என்றேன். ஜூலை பன்னிரண்டு என்றார் மாமியார். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஜெல் சில்லென்றிருந்தது. திரையில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் ஒரு அரிசிமணி. டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஆறு வாரத்து அளவுதான் இருக்கிறது, இதயத்துடிப்பு தெரியவில்லை என்றார். பிறகு கருவியை வைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"அவங்க சொல்ற தேதி சரின்னா, இது சின்னது, வளர்ந்துக்கிட்டு இருக்கு. அடுத்த வாரத்துல துடிப்பு தெரியும். நீங்க சொல்ற தேதி சரின்னா இப்போ பத்து வாரத்து அளவு இருக்கணும்மா. நாலு வாரத்துக்கு முன்னாடியே வளர்ச்சி நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

குமட்டல் இருந்ததே என்று கேட்டேன். நின்ற பிறகும் சில வாரம் இருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்லப் பத்து நாள் கழித்து வரச்சொன்னார்.

எனக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. தொழில் அப்படி. நான் உத்தமி என்றால் என் குழந்தை செத்துவிட்டது. என் குழந்தை உயிரோடு இருந்தால் நான் கெட்டவள். மூன்றாவது விடை கிடையாது. எனக்கு விளங்கியது அவர்களுக்கும் விளங்கியது. கார் மந்தைவெளி தாண்டும்போது, நீ எது ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்ளப்போகிறாய் என்று பிரணவைக் கேட்டேன். உண்மை தெரிந்தால் போதும் என்றான். சிக்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் பிள்ளையும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போனார்கள். நல்லபடியாக முடிந்தால் நூற்றெட்டு வடைக்கு மாலை சாத்துவதாக மாமியார் வேண்டிக்கொண்டு வந்தார். எது நல்லபடி என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் மானம் போகாமலிருப்பதுதான் நல்லபடி. அதற்கு அந்த அரிசிமணிக்குள் ஒன்றும் துடிக்கக்கூடாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் தேதி பொய்யாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். ஜூன் பத்து ஒருவேளை என் பிரமை, ஜூலை பன்னிரண்டு நிஜமாகவே எனக்கு வந்திருக்கலாம், நான்தான் மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜெர்மனிக்குப் போனவன் நடுவில் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வந்துபோனான் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். புத்தி பேதலித்துவிட்டது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நடத்தை கெட்டவள் என்று ஊரே துப்பட்டும், அது துடித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

குமட்டலைத் தேடி அலைந்தேன். எதைப் பார்த்து ஓடினேனோ அதனிடமெல்லாம் போய் நின்றேன். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். சாம்பார்பொடி அரைக்கும் மில் வாசலில் கால்மணி நேரம் நின்றேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளின் டிபன் டப்பாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். ஒருநாள் தெருமுனைக் குப்பைத்தொட்டியருகே நின்று மூச்சை இழுத்தபோது வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் போன ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு காறித் துப்பிவிட்டுப் போனார். அவருக்கும்தான் குமட்டியிருக்கிறது.

மணிமொழிக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். அவளுக்கு வந்த கோபத்தில் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நான் வந்து உன் மாமியாராண்ட சொல்றேன் டீச்சர். ஜூலை மாசமே நீ வாந்தி எட்த்துக்கினு இருந்தத என் கண்ணால பாத்தேன். நெல்லிக்கா குட்த்தவ நானு. அவங்க கணக்கு எப்டி சரியா வரும்?"

வராதே என்று அவளிடம் கத்தினேன். எனக்கு இருந்த ஒரே சாட்சி அவள். அவள் வந்து வாயைத் திறந்தால் நான் ஜெயித்துவிடுவேன். நான் ஜெயித்தால் அது செத்தது உறுதியாகிவிடும். அவளே கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டாள். என்னை உட்காரவைத்துத் தன் புடவையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பத்து நாளில் என்னைத் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

பத்தாம் நாள் மறுபடி அடையாறு, மறுபடி அதே சில்லிப்பு. அரிசிமணி அப்படியே இருந்தது. டாக்டர் திரையை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பினார்.

"நீங்க சொன்ன தேதிதாம்மா சரி," என்றார்.

நூற்றுக்கு நூறு. திரையின் வெளிச்சம் பிரணவ் முகத்தில் விழுந்தது. அவன் மூச்சை விட்டான். பத்து நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சு அது. உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டான். அடக்கிக்கொண்டதைப் பார்க்காமலா இருப்பேன்? என் கையைப் பிடித்து, நான் உன்னைச் சந்தேகப்படவேயில்லை ஹம்ஸ், கணக்குதான் இடித்தது என்றான். மாமியார் என் தலையைத் தடவினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"என் கொழந்தேடி நீ. பகவான் நம்மாத்து மானத்தைக் காப்பாத்திட்டான்."

மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சின்ன அறைக்குப் போனேன். இந்தத் தடவை பொய் சொல்லவேண்டியிருக்கவில்லை. வயிறு கிழிந்துபோகிறமாதிரி வலித்தது, ரத்தம் நிற்காமல் போயிற்று. இது சாதாரணத் தீட்டில்லை, பத்து நாள் நீ எதையும் தொடவேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். போன தடவை பாய். இப்போது அவருடைய மெத்தையையே தூக்கிவந்து போட்டிருந்தார். வேளாவேளைக்கு ரசம் சாதம், சுட்ட அப்பளம். நாலரை மணிக்கு அவரே எழுந்து சமைத்தார். நன்றாகப் படுத்துக்கொள், உடம்பு தேறட்டும் என்று வாசலில் நின்றபடி அன்போடு சொன்னார். போன வருஷம் நான் கேட்டது இதைத்தான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் நங்கநல்லூரிலிருந்து திரும்பினார்கள். பிரணவ் நெற்றியில் செந்தூரம். மாமியார் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, ஒரு தொன்னையைக் கீழே வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"வேண்டிண்டது பலிச்சுடுத்து. நூத்தெட்டு வடை சாத்தியாச்சு. நீயும் ரெண்டு வாயில போட்டுக்கோ."

அவர்கள் போன பிறகு தொன்னையைக் கையில் எடுத்தேன். எண்ணெயும் மிளகுமாக வாசனை அறை முழுக்கப் பரவியது. ஜூலையில் இந்த வாசனைக்கு நான் குழாயைத் திறந்துவிட்டுக் குடலே வெளியே வரும்படி எடுத்திருப்பேன். வடையை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. பசிதான் எடுத்தது.